பூனையின் வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்

வளர்ந்த வீட்டுப் பூனைக்கு 30 பற்கள். மேல்தாடையில் 16, கீழ்த்தாடையில் 14. மனிதரின் கடைவாய்ப்பல்லில் உள்ளதுபோல் அரைப்பதற்கான தட்டையான பரப்பு இவற்றில் எதிலும் கிடையாது. கோரைப்பற்கள் இரையைக் குத்திப் பிடிக்கின்றன. பின்பற்கள் ஒன்றையொன்று உரசி இறைச்சியைத் துண்டாக்குகின்றன. துண்டு அப்படியே தொண்டைக்குள் போகிறது. மென்று கூழாக்கும் வேலையே இல்லை என்பதால் உணவு வாயில் தங்கும் நேரமும் குறைவு. இந்த வாய்க்குள் எந்த பாக்டீரியா பிழைக்கும், எது பிழைக்காது என்பதைப் பெருமளவு இந்த உணவுமுறைதான் தீர்மானிக்கிறது.

மனித வாயில் சொத்தைப்பல்லுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையை நம்பி வாழ்வது. சர்க்கரையை அமிலமாக மாற்றி, அந்த அமிலத்தால் பல்லின் எனாமலைக் கரைப்பது அதன் வழி. பூனையின் வாயில் அதற்கு ஏற்ற சூழல் எதுவும் அமையவில்லை. பூனை புலால் உண்ணி. அதற்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியை உருவாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்துவிட்டது என்பதை ஃபிலடெல்ஃபியாவின் மொனெல் ஆய்வு மையம் 2005-இல் கண்டறிந்தது. உணவுத் துணுக்குகள் சிக்கிக்கொள்ள ஏதுவான குழிகளும் பூனையின் பற்களில் இல்லை. உமிழ்நீரோ காரத்தன்மை கொண்டது. கொஞ்சம் அமிலம் உண்டானாலும் அதைச் சமன்செய்துவிடும். ஆகவே பூனைக்குச் சொத்தைப்பல் வருவதில்லை என்றே சொல்லிவிடலாம். பூனை வளர்ப்போர் சில சமயம் ஈறை ஒட்டிப் பல்லில் ஒரு சிவந்த குழியைப் பார்த்துச் சொத்தை என்று எண்ணிக்கொள்வதுண்டு. அது வேறு நோய். பல்லைக் கரைக்கும் செல்கள் பூனையின் உடலிலேயே கிளம்பி வேரையும் கழுத்தையும் அரித்துத் தின்பதால் வருவது அது.

சர்க்கரை இல்லாவிட்டால் வேறு என்ன உணவு? புரதம். இறைச்சியின் மிச்சம், உமிழ்நீரில் மிதக்கும் புரதங்கள், உதிரும் செல்கள், ஈறின் ஓரத்தில் கசியும் திரவம், சில வேளை இரத்தம். பூனையின் வாயில் பெருகியிருப்பவை பெரும்பாலும் இவற்றைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள்தான். புரதத்தை உடைக்கும்போது அமிலத்துக்குப் பதிலாக அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்களும் வெளியாகின்றன. வாய் நாற்றத்தின் வேதியியல் இதுதான். நலமான பூனையின் வாயில் அது இலேசாகவே இருக்கும். ஓர் அடி தள்ளியிருந்தும் மூக்கைத் துளைக்கிறது என்றால் ஈறில் கோளாறு என்று கொள்ளலாம்.

இந்தக் குடியிருப்பின் உண்மையான அளவு அண்மைக் காலம்வரை தெரியாமல்தான் இருந்தது. வாயிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியைத் தட்டில் தடவி, எது வளர்கிறது என்று பார்ப்பதே பழைய முறை. ஆனால் வாயில் வாழும் பாக்டீரியாக்களில் கணிசமானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுப்பவை. ஆக்சிஜன் பட்டாலே சாகிறவை உண்டு. பக்கத்து பாக்டீரியா சுரக்கும் ஏதோவொரு பொருள் இல்லாமல் வளராதவை உண்டு. இதற்கு மாற்றுவழியைத் திறந்தவர் அமெரிக்கரான கார்ல் வூஸ். எல்லா பாக்டீரியாக்களிலும் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ரைபோசோம் மரபணுவின் எழுத்து வரிசையை ஒப்பிட்டே அவற்றின் உறவுமுறையைச் சொல்லிவிட முடியும் என்று 1970-களில் அவர் காட்டினார். அதன்பின் உயிருள்ள பாக்டீரியாவை வளர்த்துக் காட்ட வேண்டிய தேவை குறைந்தது. மாதிரியில் உள்ள டி.என்.ஏ.வை எடுத்து அந்த மரபணுவை வாசித்தாலே போதும்.

அமெரிக்காவின் ஃபோர்சித் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் டியூஹர்ஸ்ட் குழுவினர் இந்த முறையில் மனிதர், நாய், பூனை ஆகிய மூன்றின் வாய்களையும் அட்டவணைப்படுத்தினர். நாய்க்கான பட்டியல் 2012-இல் வந்தது. அதில் 353 வகைகள். மனித வாயிலும் காணப்படுபவை அவற்றில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. பூனைக்கான பட்டியல் 2015-இல் வெளியானது. அதில் 170 வகைகளுக்குமேல் இடம்பெற்றன; இன்னும் பெயர் சூட்டப்படாதவையும் அவற்றுள் பல. மனித வாயின் பாக்டீரியாக்களைவிட நாய் வாயின் பாக்டீரியாக்களுக்கே அவை நெருங்கிய உறவு. ‘நாய் வாய் மனித வாயைவிடச் சுத்தம்’, ‘பூனை வாய் நாய் வாயைவிட அசுத்தம்’ என்றெல்லாம் பேசப்படுவதற்கு இந்த அட்டவணைகளில் ஆதாரம் எதுவும் கிடைக்காது. மூன்றும் மூன்று விதமான குடியிருப்புகள், அவ்வளவுதான்.

பூனையின் வாயில் அதிகம் காணப்படும் பேரினங்களில் போர்ஃபைரோமோனாஸ், மொராக்செல்லா, நைசீரியா, பெர்ஜெயெல்லா, கேப்னோசைட்டோஃபேகா, பாஸ்டுரெல்லா, ஃபியூசோபாக்டீரியம், ட்ரெபோனிமா ஆகியவை முக்கியமானவை. நைசீரியா, ட்ரெபோனிமா என்ற பெயர்களைக் கேட்டதும் மருத்துவ மாணவர்களுக்கு மேகவெட்டையும் கிரந்தியும் நினைவுக்கு வரலாம். பூனை வாயில் இருப்பவை அந்த நோய்க்கிருமிகளின் தூரத்துச் சொந்தங்கள். அந்த நோய்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை.

டென்மார்க்கின் ஹான்ஸ் கிரிஸ்டியன் கிராம் 1884-இல் வகுத்த சாயமிடும் முறை பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ், விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ். மனிதரின் நலமான பற்களில் முதல் வகைதான் ஆதிக்கம். ஈறு நோய் முற்றும்போது இரண்டாம் வகை மேலோங்கும். பூனையிடம் நிலைமை மாறுகிறது. அதன் நலமான வாயிலேயே கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள்தான் பெரும்பான்மை. ஈறு கெடத் தொடங்கும்போது பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஆக்சிஜன் வேண்டாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. மனித வாயை வைத்துப் பூனை வாயைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த பாக்டீரியாக்கள் வாய் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. நாக்கின் மேற்பரப்பிலும் கன்னத்தின் உட்புறத்திலும் காற்று படும். அங்கே ஆக்சிஜனை விரும்பும் மொராக்செல்லா, நைசீரியா போன்றவை வாழ்கின்றன. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு நுண்ணிய பள்ளம் உண்டு. நலமான பூனையில் அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். காற்று எட்டாத அந்தப் பள்ளத்தில் போர்ஃபைரோமோனாஸும் சுருள்வடிவ ட்ரெபோனிமாவும் ஃபியூசோபாக்டீரியமும் பதுங்குகின்றன. அங்கிருந்து மாதிரி எடுக்கக் கூர்மையாகச் சுருட்டிய மெல்லிய காகிதக் குச்சியைச் சில விநாடி பள்ளத்தில் செருகி வைப்பார்கள். காகிதம் உறிஞ்சிக்கொள்ளும் துளித் திரவத்திலேயே ஒரு முழுக் குடியிருப்பின் டி.என்.ஏ. அடங்கியிருக்கும்.

போர்ஃபைரோமோனாஸை இரத்தம் கலந்த அகார் தட்டில் வளர்த்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஆக்சிஜன் இல்லாத பெட்டியில் வைத்த தட்டில் முதலில் வெளிறிய சிறு புள்ளிகள் தோன்றும். நாட்கள் செல்லச் செல்ல அவை பழுப்பாகி, கடைசியில் கருகருவென்று மாறிவிடும். தட்டில் உள்ள இரத்தத்தின் ஹீமோகுளோபினை உடைத்து, அதிலுள்ள இரும்புச் சேர்மத்தைத் தன் மேற்பரப்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. ஈறில் இரத்தம் கசியும் வாயில் இந்த இனம் ஏன் செழிக்கிறது என்பதற்கான விடை அந்தக் கறுப்பிலேயே இருக்கிறது. மனிதரின் ஈறு நோயில் பேர்போன போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸின் இடத்தைப் பூனையிலும் நாயிலும் போர்ஃபைரோமோனாஸ் குலே நிரப்புகிறது. பூனைகளின் வாயிலிருந்தே எடுத்து விவரிக்கப்பட்ட இனங்களும் உண்டு: சிட்னி பல்கலைக்கழகத்தின் டாரியா லவ் குழுவினர் 1992-இல் பெயரிட்ட போர்ஃபைரோமோனாஸ் சர்கம்டென்டேரியா அவற்றில் ஒன்று. 2020-இல்கூட ஜப்பானிய ஆய்வாளர்கள் பூனை வாயிலிருந்து கேப்னோசைட்டோஃபேகா ஃபெலிஸ் என்னும் புதிய இனத்தை அறிவித்தார்கள்.

பூனைக்குட்டிக்கு இந்தச் சொத்து தாயிடமிருந்து வருகிறது. தாய் நக்கிச் சுத்தம் செய்வதிலும் பால் குடிப்பதிலும் கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரள்வதிலும் முதல் பாக்டீரியாக்கள் வந்து சேர்கின்றன. மூன்றாவது வாரவாக்கில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும்போது, பல்லின் கடினப் பரப்பில் மட்டுமே ஒட்டி வாழக்கூடியவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. ஆறாம் மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் வந்துவிடும். உணவும் குடியிருப்பை மாற்றுகிறது. உலர்தீனி தின்னும் பூனைகளின் வாயில், ஈரத்தீனி தின்னும் பூனைகளின் வாயைவிடப் பலதரப்பட்ட பாக்டீரியாக்கள் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2016-இல் கண்டது.

வாயில் உள்ளது வாயோடு நிற்பதுமில்லை. விழித்திருக்கும் நேரத்தில் கால் பங்கு வரை பூனை தன்னை நக்கிக்கொண்டே கழிக்கிறது. நாக்கின் மேல் தொண்டையை நோக்கி வளைந்த முட்கள் உள்ளன. கெரட்டின் என்னும் நகப்பொருளால் ஆனவை. அவற்றின் நுனி குழிவானது என்பதையும், அந்தக் குழி உமிழ்நீரை வாயிலிருந்து உறிஞ்சி ரோமத்தின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதையும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018-இல் காட்டினார்கள். உமிழ்நீரோடு பாக்டீரியாவும் ரோமத்துக்கும் பாதத்துக்கும் நகத்துக்கும் போகிறது. பூனை முடியைப் பற்றி வீடுகளில் நிலவும் அச்சத்துக்கும் இந்த உமிழ்நீரோடு தொடர்பு உண்டு, ஆனால் பாக்டீரியா வழியாக அல்ல. பூனை ஒவ்வாமையைத் தூண்டுவது உமிழ்நீரிலும் தோல் சுரப்பிகளிலும் உருவாகும் ஒரு புரதம். அது ரோமத்தில் காய்ந்து தூசியாகப் பறக்கிறது. முடி வெறும் வாகனம்.

பல்லின் மேல் நடப்பது தனிக்கதை. துலக்கிய பல்லின் மேல் சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்படலமாகப் படிகின்றன. அதன்மேல் முதல் பாக்டீரியாக்கள் ஒட்ட, அவற்றின்மேல் வேறு பாக்டீரியாக்கள் ஒட்ட, ஓரிரு நாளில் பிசுபிசுப்பான பற்படலம் உருவாகிறது. ஃபியூசோபாக்டீரியத்தின் நீண்ட உடல், ஒன்றோடொன்று நேரடியாக ஒட்டாத இனங்களை இணைக்கும் பாலமாக இதில் பயன்படுகிறது. மேலடுக்கில் உள்ளவை ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் அடியில் காற்று வேண்டாத இனங்கள் நிம்மதியாகப் பெருகுகின்றன. பூனையின் உமிழ்நீர் காரமானது என்பதால் அதிலுள்ள கால்சியம் உப்புகள் எளிதில் படிந்து, பற்படலம் சீக்கிரமே இறுகிக் காரையாகிறது. சொத்தையிலிருந்து பல்லைக் காக்கும் அதே காரத்தன்மைதான் காரையைக் கட்டிக்கொடுக்கவும் செய்கிறது. மேல்தாடையின் பின்பற்களின் வெளிப்புறத்தில், உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறக்கும் இடத்துக்கு எதிரே, பழுப்பு மஞ்சளாக இதைக் காணலாம். உதட்டை இலேசாக உயர்த்திப் பார்த்தால் போதும்.

பாக்டீரியா ஈறை நேரடியாகத் தின்றுவிடுவதில்லை. அவை வெளியிடும் நொதிகளையும் நச்சுகளையும் எதிர்க்கப் பூனையின் உடல் வெள்ளணுக்களை அனுப்புகிறது. அந்தப் போரில் ஈறும், பல்லைத் தாங்கும் எலும்பும் சேதமாகின்றன. முதலில் ஈறின் விளிம்பில் சிவந்த கோடு; பிறகு பள்ளம் ஆழமாகிறது; ஆழமான பள்ளத்தில் காற்று இன்னும் குறைய, மோசமான இனங்கள் இன்னும் பெருகுகின்றன. சில பூனைகளில் உடலின் எதிர்ப்பு கட்டுமீறிப் போய், தொண்டையின் இருபுறமும் வாயின் உட்பகுதியும் சதை பிதுங்கிப் புண்ணாகிவிடும். பசி இருந்தும் தட்டின் அருகே வந்து, ஒரு வாய் எடுத்ததும் வலியில் துள்ளி ஓடும் பூனைக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பு அதிகம். கேலிசி வைரஸுக்கும் இதில் பங்குண்டு. இந்தப் பூனைகளின் வாயில் இனங்களின் எண்ணிக்கை சுருங்கி, பாஸ்டுரெல்லா மல்டோசிடா மேலோங்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்து பலனளிக்காதபோது பற்களைப் பெரும்பாலும் அல்லது முழுவதுமாகப் பிடுங்கிவிடுவதே கால்நடை மருத்துவர்கள் கையாளும் வழி. கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும் அதில் தர்க்கம் உண்டு: ஒட்டிக்கொள்ளப் பல் இல்லாவிட்டால் பற்படலமும் இல்லை. பல்லில்லாத பூனைகள் நன்றாகவே சாப்பிடுகின்றன. அரைக்கும் வேலை முன்பும் இல்லையே.

தடுப்பு, தினமும் பல் துலக்குவதுதான். மனிதர் பயன்படுத்தும் பற்பசை கூடாது. பூனைக்குத் துப்பத் தெரியாது. விழுங்கும் ஃபுளோரைடும் நுரைப்பொருளும் அதற்கு ஆகாது. இறுகிவிட்ட காரையைத் துலக்கி எடுக்க முடியாது. மயக்கமருந்து கொடுத்து மருத்துவர்தான் சுரண்ட வேண்டும்.

வாயில் சாதுவாக இருக்கும் இதே பாக்டீரியாக்கள் தோலுக்கு அடியில் போனால் நடப்பது வேறு. இதை முதலில் அனுபவிப்பவை பூனைகள்தான். இரவில் மதில்மேல் சண்டையிடும் கடுவன்கள் ஒன்றையொன்று கடிக்கின்றன. கோரைப்பல் குத்திய துளை ஓரிரு நாளில் மூடிக்கொள்கிறது. உள்ளே போன பாக்டீரியா மூடிய அறையில் பெருகிச் சீழ்க்கட்டியாகிறது. கன்னத்திலோ வால் அடியிலோ எலுமிச்சை அளவு வீங்கி, உடைந்ததும் குடலைப் புரட்டும் நாற்றத்தோடு சீழ் வழியும். பூனைகளின் இத்தகைய கட்டிகளிலிருந்து எடுத்த சீழை 1970-களின் இறுதியில் சிட்னி ஆய்வாளர்கள் சோதித்தபோது, அதில் இருந்தவை பெரும்பாலும் காற்று வேண்டாத வாய் பாக்டீரியாக்களே. எங்கிருந்தோ வந்த கிருமி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

மனிதருக்கும் இதே கதைதான். பூனையின் கோரைப்பல் மெலிந்தும் கூர்ந்தும் இருப்பதால், அதன் கடி ஊசி போட்டது போல ஆழத்தில் கிருமியைச் செலுத்திவிட்டு, மேலே சிறு புள்ளியை மட்டுமே விட்டுச்செல்கிறது. நாய்க்கடி சதையைக் கிழிக்கிறது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இரத்தமும் தண்ணீரும் அதைக் கழுவிவிட முடியும். பூனைக்கடியைக் கழுவத் தண்ணீர் உள்ளே போகாது. நாய்க்கடிகளில் பத்தில் ஒன்றிரண்டு சீழ்ப்பிடிக்கும் என்றால், பூனைக்கடிகளில் மூன்றில் ஒன்று முதல் இரண்டில் ஒன்று வரை சீழ்ப்பிடிக்கும் என்பது மருத்துவ நூல்களில் பொதுவாகக் காணப்படும் கணக்கு.

அந்தச் சீழில் என்ன இருக்கிறது என்பதற்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 1999-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் 18 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சீழ்ப்பிடித்த 50 நாய்க்கடிகளும் 57 பூனைக்கடிகளும் சோதிக்கப்பட்டன. ஒரு புண்ணில் சராசரியாக ஐந்து வகை பாக்டீரியாக்கள். பூனைக்கடிகளில் 75 சதவீதத்தில் பாஸ்டுரெல்லா இருந்தது. கடித்ததிலிருந்து அறிகுறி தொடங்க ஆன நேரம் நாய்க்கடியில் சுமார் ஒரு நாள். பூனைக்கடியில் அதில் பாதி, 12 மணி நேரம். மாலையில் கடி வாங்கியவர் மறுநாள் காலை வீங்கிச் சிவந்த கையோடு எழுந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த பாஸ்டுரெல்லாதான்.

பத்தில் ஏழு முதல் ஒன்பது பூனைகளின் வாயில் பாஸ்டுரெல்லா மல்டோசிடா இருக்கிறது. நுண்ணோக்கியில் இரு முனைகளும் கறுத்து நடு வெளுத்த குட்டையான கோலாகத் தெரியும். இரத்த அகாரில் நன்றாக வளரும். குடல் பாக்டீரியாக்களுக்காக எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வைத்திருக்கும் மெக்கான்கி அகாரில் வளராது. வளர்ந்த தட்டைத் திறந்தால் எலி வாடை போன்ற ஒரு முடை வீசும் என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. பூனை வாயில் வாழ்வதற்கு இது பொருத்தமான வாடைதான். லூயி பாஸ்டர் 1880-இல் வீரியம் குறைத்துக் கோழிகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டுக் காட்டிய கோழி காலராக் கிருமி இதே இனம். பேரினத்தின் பெயரும் அவரை ஒட்டியதே. தமிழ்நாட்டில் மழைக்காலத்துக்கு முன் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் தடுப்பூசி போடப்படும் தொண்டை அடைப்பான் நோய்க்குக் காரணமும் இந்த இனத்தின் ஒரு பிரிவு. ஆனால் பூனை வாயில் இருக்கும் பிரிவுகள் வேறு. வீட்டில் பூனை வளர்ப்பதால் தொழுவத்து மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் வராது.

கடி விழும் இடமும் முக்கியம். பூனையைத் தூக்குவதும் தடவுவதும் கையால்தான் என்பதால் பெரும்பாலான கடிகள் கையில் விழுகின்றன. விரல்களிலும் மணிக்கட்டிலும் தோலுக்கும் மூட்டுக்கும் இடையே சதை அதிகமில்லை. பல் நேராகத் தசைநாணின் உறைக்குள்ளோ மூட்டுக்குள்ளோ இறங்கிவிடும். அந்த உறைக்குள் இரத்த ஓட்டம் குறைவு. வெள்ளணுக்கள் எளிதில் போய்ச் சேராது. பாக்டீரியாவோ உறை நெடுகப் பரவும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2009 முதல் 2011 வரை கையில் பூனைக்கடியோடு வந்த 193 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. அவர்களில் 57 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. 38 பேருக்குக் காயத்தைத் திறந்து கழுவும் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மணிக்கட்டிலோ மூட்டின் மேலோ கடிபட்டவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள்.

கேப்னோசைட்டோஃபேகா அரிதான, ஆனால் அஞ்ச வேண்டிய ஆபத்து. நாய் வாயில் அதிகமாகவும் பூனை வாயில் குறைவாகவும் காணப்படும் கேப்னோசைட்டோஃபேகா கேனிமோர்சஸ், நலமான மனிதரின் உடலில் பெரும்பாலும் எதையும் செய்வதில்லை. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், மிதமிஞ்சிக் குடிப்பவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் அது பெருகினால் உயிருக்கே ஆபத்து. காயம் சாதாரணமாகத் தெரியும். காய்ச்சல் மட்டும் ஏறும். கூடுதல் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டியில் பல நாட்கள் வைத்தால்தான் இது ஆய்வுக்கூடத்தில் வளரும் என்பதால் நோயறிதலும் தாமதமாகும். இத்தகையவர்களின் புண்ணைப் பூனை நக்குவதைக்கூட அனுமதிக்கக் கூடாது. உமிழ்நீரில் சில கிருமிக்கொல்லிப் புரதங்கள் இருப்பது உண்மை. அதை வைத்து, நக்கினால் புண் ஆறும் என்று முடிவுகட்டுவது பிழை.

பூனையோடு சேர்த்துப் பேசப்படும் பார்ட்டோனெல்லா ஹென்செலே உண்மையில் வாயில் குடியிருப்பதல்ல. அது பூனையின் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் வாழ்கிறது. பூனைக்குப் பெரும்பாலும் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைக்கு அதைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சி. தெள்ளின் எச்சம் ரோமத்தில் படிகிறது. சொறிந்துகொள்ளும்போது நகத்திலும், நக்கும்போது வாயிலும் ஏறுகிறது. அந்த நகம் கீறினால் பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, காய்ச்சல் வரும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் இந்தப் பூனைக்கீறல் நோயை 1950-இல் பிரெஞ்சு மருத்துவர் ரோபேர் டெப்ரே விவரித்தார். காரணக் கிருமிக்குப் பெயர் கிடைக்க 1992 வரை ஆயிற்று. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். தெள்ளை ஒழித்தால் இந்த நோயின் வழி அடைபடும். இதற்காகப் பூனையின் வாயைக் கழுவுவதால் பயனில்லை.

கடிபட்டால் செய்ய வேண்டியது முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது. இந்த 15 நிமிடம் பாக்டீரியாவுக்காக மட்டும் அல்ல. இந்தியாவில் ரேபிஸ் பெரும்பாலும் நாயால் பரவினாலும் பூனையின் உமிழ்நீராலும் பரவும். அது வைரஸ், சோப்பு அதைக் கொல்லும். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் தேவையா என்பதை அன்றே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். குத்துக்காயத்தைத் தையல் போட்டு மூடுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. மூடினால் கடுவன் பூனையின் கன்னத்தில் நடந்ததே இங்கேயும் நடக்கும்.

மருந்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. தோல் புண்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் கிளாக்சசிலின், செஃபலெக்சின், எரித்ரோமைசின், கிளிண்டமைசின் ஆகியவை பாஸ்டுரெல்லாவிடம் நம்பத்தக்க வகையில் வேலை செய்வதில்லை. பென்சிலினுக்கு அது பெரும்பாலும் அடங்கும். ஆனால் கடியில் பாஸ்டுரெல்லா தனியாக வருவதில்லை. கூட வரும் மற்ற பாக்டீரியாக்களில் பென்சிலினை உடைப்பவை உண்டு. ஆகவே அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையே முதல் தேர்வு. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் போன்ற மாற்று மருந்துகளை மருத்துவர் முடிவு செய்வார். மெடிக்கல் ஷாப்பில் ‘காயத்துக்கு ஏதாவது மாத்திரை’ என்று கேட்டு வாங்கினால் பாஸ்டுரெல்லாவிடம் எடுபடாத மருந்து கைக்கு வரக்கூடும். மருத்துவரிடம் போனாலும், கடித்தது பூனை என்பதையும் கடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு அவசரம் என்ற இரண்டையும் முடிவு செய்ய அவருக்கு இந்தத் தகவல்கள் தேவை.